கறையென்று துடைத்த கைநாட்டு

பணி ஓய்வு பெற்றவனுக்கு எங்கள் ஊரில் இரண்டு வேலைகள் காத்திருக்கும். ஒன்று கோயில் கமிட்டி. மற்றொன்று அடுத்த வீட்டுக்காரரின் காகிதம். சண்டை குறைவாக இருக்கும் என்று நம்பி இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராக நுழைந்து துணை வட்டாட்சியராக வெளியே வந்தவன் நான். எந்த மனுவை எங்கே கொடுப்பது, எதற்கு எது இணைப்பு, யார் கையெழுத்துப் போடாவிட்டால் எது நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடம். ராஜபாளையத்தில் எங்கள் தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். தெரியாதவர்களுக்கு என் மனைவி சொல்லிவிடுவார்.

முறைகள் பெரிதாக மாறவில்லை. காகிதம்தான் மாறிவிட்டது. முன்பு மனுவோடு நகலைப் பின் குத்திக் கொடுத்தார்கள். இப்போது ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, இருநூறு கேபிக்குள் சுருக்கி, இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஒரு குடும்பத்தின் நான்கு தலைமுறைத் தகராறும் இருநூறு கேபிக்குள் அடங்கிவிடும் என்று எங்கோ உட்கார்ந்து யாரோ முடிவு செய்திருக்கிறார். அடக்கித்தான் ஆக வேண்டும். எனவே அறுபது வயதுக்கு மேல் நான் பக்கங்களைத் திருப்பவும், சேர்க்கவும், பிரிக்கவும், சுருக்கவும் கற்றுக்கொண்டேன். கடினமான வேலை இல்லை. பொறுமை வேண்டும், அது அரசு அலுவலகத்தில் எதிரே நின்றவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

மக்கள் அனுப்பும் கோப்புகளைப் பார்க்க வேண்டும். கட்டிலில் விரித்து மொபைலில் எடுத்த பத்திரத்தைச் சுற்றிப் படுக்கை விரிப்பின் பூக்கள் இருக்கும். பத்திரத்தின் குறுக்கே படமெடுத்தவரின் தலை நிழல் விழுந்திருக்கும். மூன்றாம் பக்கம் தலைகீழாகவும், நான்காம் பக்கம் இரண்டு முறையும், ஐந்தாம் பக்கம் இல்லாமலும் இருக்கும். கோப்பின் பெயர் ‘புதுசு ஃபைனல் 3’. திரும்ப எடுத்து அனுப்புங்கள் என்றால், அதே படத்தை இன்னொரு பெயரில் அனுப்புவார்கள்.

என் வீட்டில் கணினி உண்டு; ஸ்கேனர் கிடையாது. அதற்குப் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடைக்குப் போவேன். நடத்துபவர் நாற்பது வயதுப் பெண்மணி. தெருவில் எல்லோருக்கும் கடைக்காரம்மா. வீட்டில் தெலுங்கு. கடையில் வாடிக்கையாளரைத் தமிழிலும் இயந்திரத்தைத் தெலுங்கிலும் திட்டுவார். காகிதம் சிக்கினால் “ஏமைந்தி நீக்கு”, உனக்கு என்ன ஆச்சு என்று பிரிண்டரின் தலையில் ஒரு தட்டு. பெரும்பாலும் அது கேட்டுக்கொள்ளும்.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெறுமனே ஸ்கேன் செய்து கொடுக்க மாட்டார், குளிப்பாட்டிக் கொடுப்பார். காகிதத்தின் மஞ்சள் போய்விடும். மடிப்புக் கோடு, பின் குத்திய துரு, டீ டம்ளர் வைத்த வட்டம், கரப்பான் கடித்த ஓரம் ஒவ்வொன்றையும் திரையில் பெரிதாக்கி, வட்டமான வெள்ளை அழிப்பானைத் தூக்கிக்கொண்டு தேய்ப்பார். எழுத்தைத் தொடாமல் எழுத்துக்கு இடையில் இருக்கும் புள்ளியை எடுப்பதில் அவருக்குப் பெருமை. இதற்காகவே தளவாய்புரத்திலிருந்தெல்லாம் அவரிடம் வருகிறவர்கள் உண்டு. தாத்தா காலத்துப் பத்திரம் நேற்று அச்சடித்தது போல் வெளியே வரும்.

“நகல்னா இருக்கிறது இருக்கிறபடி இருக்கணும்மா. அழுக்கும் ஆவணத்துல ஒரு பகுதிதான்” என்று ஒரு முறை சொன்னேன்.

“அது உங்க காலத்து ஜெராக்ஸு சார். அழுக்கோட குடுத்தா நாளைக்கு எங்கடையில செஞ்சதுன்னு எப்படி வெளிய சொல்றது? கல்யாணத்துக்குப் போறவ தல சீவாமப் போவாளா?”

பத்திரம் கல்யாணத்துக்குப் போகவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். வரிசையில் ஆட்கள் நின்றார்கள், விட்டுவிட்டேன்.

இனி வரும் இருவருக்கும் பெயர் வேண்டாம். உறவு முறையிலேயே சொல்லிவிடுகிறேன்: மதினி, கொழுந்தன்.

மதினி எங்கள் தெருக்கோடியில் பேண்டேஜ் துணி நெய்யும் ஒரு கூடத்தில் வேலை பார்ப்பவர். ஐம்பதைத் தாண்டியவர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி ஒரு கிராமத்தில். தினமும் பஸ்ஸில் வந்து போவார். கணவர் இறந்து பல வருடங்கள். மகளைக் கட்டிக்கொடுத்தாயிற்று. பிறகு அந்த வீட்டில் அவரும் மாமியாரும் மட்டும். மாமியார் போன வருடம் இறந்தார். இறப்பதற்கு முன் ஓர் உயில் எழுதி வைத்தார்: வீடு மூத்த மருமகளுக்கு. எழுத்தர் ஒருவர் எழுத, மாமியார் கைநாட்டு வைக்க, இருவர் சாட்சி போட்டார்கள். பதிவு செய்யவில்லை. உயிலைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. இதைப் பணியில் இருந்தபோது நூறு பேருக்குச் சொல்லியிருப்பேன், ஒருவரும் நம்பியதில்லை.

மாமியாரின் இளைய மகன்தான் கொழுந்தன். ராணுவத்தில் இருந்துவிட்டு, ஓய்வுக்குப் பின் கோயம்புத்தூரில் குடியேறியவர். உயில் எழுதும்போது அவர் ஊரில் இல்லை. ஆனால் அம்மா போனில் சொல்லியிருக்கிறார். அவரும் சரி என்றிருக்கிறார். அதுவரை எந்தச் சிக்கலும் இல்லை.

சிக்கல் மழையில் வந்தது. ஓட்டு வீட்டின் பின்சுவர் இறங்கிவிட்டது. மதினி சமையலை முன்னறைக்கு மாற்றிக்கொண்டு, அரசு உதவியில் வீடு கட்ட மனுப் போடப் போனார். பட்டா அவர் பெயரில் இருந்தால்தான் மனு நகரும். பட்டாவோ மாமியார் பெயரில். ஆக முதலில் பட்டா மாற்ற வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உயில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு அவர் கடைக்காரம்மாவிடம் போய் மனுவை ஏற்றிவிட்டார். நான் அப்போது பெங்களூரில் மகன் வீட்டில், பேரனுக்கு வேண்டாத அறிவுரைகள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்ற வாரிசு என்ற முறையில் கொழுந்தனுக்கு நோட்டீஸ் போயிருக்கிறது. அவர் மதினிக்குப் போன் செய்து, “அம்மா எழுதுனத எனக்கும் அனுப்பிவிடுங்க மதினி. ஒரு தடவ பாத்துட்டு சம்மதம்னு எழுதித் தாரேன்” என்றிருக்கிறார். கடைக்காரம்மா அந்த பிடிஎஃப்பை அவருக்கு வாட்ஸப்பில் அனுப்பினார். வந்தது சம்மதம் அல்ல, ஆட்சேபணை.

நான் ஊர் திரும்பிய மறுநாள் மதினி என் வீட்டு வாசலில் நின்றார். கையில் விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸ், அதோடு ஆட்சேபணையின் நகல்.

“சார், அவிய என்ன எழுதியிருக்காகன்னு செத்த படிச்சுச் சொல்லுங்க. எனக்கு வாசிக்கத் தெரியும். இதத்தான் வாசிக்கப் பிடிக்கல.”

உயிலில் தன் தாயின் கைநாட்டே இல்லை. எனவே அது போலி. எனவே பட்டாவை மாற்றக் கூடாது. மூன்று வரிதான். நல்ல மனு. இதைவிடச் சுருக்கமாக நானே எழுதியிருக்க முடியாது.

“கைநாட்டு இல்லையா?”

“இருக்கு சார். நாந்தானே மைய எடுத்து நீட்டுனேன்.”

பையிலிருந்து உயிலை எடுத்துக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தின் அடியில் ‘இடது கைப் பெருவிரல் ரேகை’ என்று எழுத்தர் குறித்திருந்தார். அதற்குப் பக்கத்தில், கடைசி வரியின் முனையில் கொஞ்சம் ஏறி, ஊதா மை அப்பியிருந்தது. விரல் ரேகை என்று சொல்லித் தெரிய வேண்டிய நிலையில்தான் இருந்தது. கோடுகள் விழவில்லை. மைப்புட்டியின் மூடியை யாரோ ஒற்றியெடுத்தது மாதிரி ஒரு திட்டு.

“ஏத்துன காப்பி இருக்கா?”

போனில் காட்டினார். வெள்ளை வெளேரென்று பக்கம். எழுத்தரின் குறிப்பு இருந்தது, பக்கத்தில் ஒன்றுமில்லை. யாரோ எழுந்து போன நாற்காலிக்கு அறிமுகம் சொல்வது போல அந்தக் குறிப்பு மட்டும் நின்றது. என்ன நடந்தது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. தெரிந்தது வேறு, நிரூபிப்பது வேறு என்பதும் தெரியும்.

விசாரணைக்கு அவரோடு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நான் அமர்ந்திருந்த நாற்காலிக்குத் தம்பி போன்ற ஒரு நாற்காலியில் இளம் பெண் அதிகாரி ஒருவர் இருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை, ஓய்வு பெற்றவர்கள் தங்கள் பழைய பதவியைச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளும்போது எதிரே இருப்பவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரியும். என் முகமும் மாறியிருக்கிறது.

கொழுந்தன் முன்னரே வந்து நின்றார். நரைத்த கட்டை மீசை, இஸ்திரி போட்ட சட்டை, வளையாத முதுகு. கையில் அந்த பிடிஎஃப்பின் அச்சுப் பிரதி. தகராறு செய்ய வந்தவரின் முகம் இல்லை அது. ஏமாந்துவிட்டோம் என்று வருந்துகிறவரின் முகம்.

“மேடம், வீடு எனக்கு வேண்டாம். மதினிக்குப் போகட்டும்னு அம்மாகிட்ட நானே சொன்னவன். ஆனா அம்மா விரல் வைக்காத பேப்பர அம்மா எழுதுனதுன்னு கொண்டுவந்தா எப்படி?”

மதினி அசலை மேசையில் வைத்தார். “விரல் இந்தா இருக்கு பாருங்க தம்பி.”

அதிகாரி இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். நான் பயந்தது நடந்தது. அசலில் இருக்கிறது, ஏற்றிய கோப்பில் இல்லை. கொழுந்தன் மெல்லச் சொன்னார்: “அப்ப நான் கேட்ட பொறவு வச்சிருக்காக. எங்கம்மா செத்து வருசம் ஆச்சு. யாரு விரலு மதினி இது?”

அந்தக் கேள்விக்கு மதினியிடம் பதில் இருந்தது. அந்தக் கேள்வியை இவர் கேட்பார் என்பதுதான் அவருக்குத் தெரியாமல் இருந்தது.

ஸ்கேன் செய்த கடையில் தவறுதலாக அழிந்திருக்கலாம் என்றேன். “சாட்சி?” என்றார் அதிகாரி. உயிலில் சாட்சி போட்டவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். மற்றவர் மதினியின் சொந்த அண்ணன். தங்கைக்கு எதிராகச் சாட்சி சொல்லும் அண்ணனை நான் என் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. ஆதரவாகச் சொன்னால் அதை யாரும் கேட்டதும் இல்லை.

“வாரிசுகளுக்குள்ள தகராறு இருந்தா என்னால பட்டா மாத்த முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும். பேசித் தீர்க்க முடியும்னா அடுத்த விசாரணைக்குள்ள தீர்த்துக்கிட்டு வாங்க” என்றார் அதிகாரி. சரியான உத்தரவு. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். நீதிமன்றம் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். நடந்து போய்ச் சேர்ந்தவர்கள் திரும்பி வர வருடக் கணக்காகும். அதுவரை பின்சுவர் இல்லாத வீடு நிற்காது.

வெளியே வந்ததும் மதினி கேட்டது ஒன்றுதான். “அடுத்த மழைக்குள்ள முடியுமா சார்?”

நேராகக் கடைக்குப் போனோம். கடைக்காரம்மா கோப்பைப் பார்த்தார். அசலைப் பார்த்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி அசலைப் பார்த்தார்.

“இது கைநாட்டா? மை கொட்டியிருக்குன்னுல்ல நெனச்சேன்.”

“பக்கத்திலேயே எழுதியிருக்கே, பெருவிரல் ரேகைன்னு.”

“நான் எழுத்தப் படிக்க மாட்டேன் சார். அழுக்கத்தான் பாப்பேன். அடுத்தவங்க சமாச்சாரத்தப் படிக்கறது தப்பில்லையா?”

அழிக்கும் முன் எடுத்த முதல் ஸ்கேன் இருக்கிறதா என்று கேட்டேன். கிடையாது. தினமும் கடை சாத்தும்போது எல்லாவற்றையும் அழித்துவிடுவாராம். அடுத்தவர் பத்திரம் நம் கணினியில் எதற்கு என்பது அவர் கொள்கை. நல்ல கொள்கை. அந்த நேரத்தில் இன்னும் கொஞ்சம் மோசமான கடைக்காரர் கிடைத்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

“மவராசி, என் வீட்ட ஒரு தேய்ப்புல தேச்சுட்டியே தாயி” என்றார் மதினி. கோபமாகச் சொல்லவில்லை. கடைக்காரம்மா அன்று பிரிண்டரைக்கூடத் திட்டவில்லை.

வீட்டுக்குப் போய் அந்த பிடிஎஃப்பைக் கணினியில் திறந்தேன். ஒரு கோப்பில் என்ன இல்லை என்று தேடுவது என் வாழ்நாள் தொழில். கடைசிப் பக்கத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கினேன். கடைசி வரி உயில்களில் வழக்கமாக வருகிற வரிதான்: முழு மனதோடும் சுயநினைவோடும் எழுதி வைத்தது என்று. அந்த வரியின் முனையில் எழுத்துகள் முழுதாக இல்லை. கால்களும் வளைவுகளும் அரித்தது போல் இருந்தன. மாமியாரின் சுயநினைவில் பாதியைக் காணோம். அரித்த ஓரம் வளைவாக இருந்தது, வட்ட அழிப்பானின் விளிம்பு போல. எழுத்தைத் தொடாமல் அழிப்பதில் பெருமை கொண்டவருக்கு இங்கே வழியில்லை. மை எழுத்தின் மேலேயே ஏறியிருந்தது.

அசலை எடுத்து வைத்துப் பார்த்தேன். அதே இடத்தில், ஊதா மைக்கு அடியில், பேனா எழுத்துகள் முழுதாக இருந்தன.

கைநாட்டை இப்போதுதான் வைத்தார்கள் என்றால், ஸ்கேன் எடுத்தபோது அந்த இடம் வெறும் எழுத்தாக இருந்திருக்கும். வெறும் எழுத்தை யாரும் அழிக்கத் தேவையில்லை. அங்கே எழுத்து அரிக்கப்பட்டிருக்கிறது என்றால் அதன் மேல் ஏதோ இருந்திருக்கிறது. இதை ஒரு பக்கத்தில் எழுதி, படங்களை இணைத்து, உறுதிமொழிப் பத்திரமாக்கித் தாக்கல் செய்யலாம் என்று கணக்குப் போட்டேன். உறுதிமொழிப் பத்திரத்துக்கு நோட்டரி வேண்டும். எதிர்தரப்புக்கு நகல் போக வேண்டும். அவர் பதில் போடுவார். அதற்கு நான் பதில் போடுவேன். அதற்குள் மழை வந்துவிடும்.

வேறு வழியில்லாமல், வாழ்க்கையில் அபூர்வமாகச் செய்த காரியம் ஒன்றைச் செய்தேன். எதிர்தரப்புக்கு நேராகப் போன் செய்தேன். கொழுந்தன் தளவாய்புரத்தில் மனைவியின் பிறந்த வீட்டில் தங்கியிருந்தார். நல்ல மனு எழுதியவருக்குக் காட்ட வேண்டிய மரியாதையுடன், ஒரு முறை கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். “வாரேன். ஆனா கையெழுத்துக் கேக்கக் கூடாது” என்றார்.

மறுநாள் மதியம் வந்தார். மதினி கூடத்தில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருந்தார். கடைக்காரம்மா வாசலில் ‘சிஸ்டம் வேலை செய்யவில்லை’ என்ற அட்டையைத் தொங்கவிட்டு வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பினார். சிஸ்டம் நன்றாகத்தான் இருந்தது.

கொழுந்தனுக்கு நாற்காலி போட்டார்கள். உட்காரவில்லை.

நான் அரிக்கப்பட்ட எழுத்துகளைக் காட்டிப் பேச ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்திலேயே அவர் கையை உயர்த்தினார். “நீங்க படிச்சவரு சார். சொன்னா எல்லாம் சரியாத்தான் இருக்கும். எனக்குச் செஞ்சு காட்டுங்க.”

கடைக்காரம்மா அசலை ஸ்கேனரில் வைத்தார். மஞ்சள் காகிதம், மடிப்புகள், ஊதாத் திட்டு எல்லாம் திரையில் வந்தன. அழிப்பானை எடுத்தவர் அதன் மேல் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்.

“திரும்பவும் அழிக்கணுமா சார்?”

“அன்னைக்கு எப்படிச் செஞ்சீங்களோ அப்படியே.”

தேய்த்தார். மைத்திட்டு வெளியிலிருந்து உள்ளே கரைந்து வந்தது. வரியின் முனையை அடைந்ததும் கை தானாக மெதுவானது. எழுத்துகளைச் சுற்றிச் சுற்றிக் குடைந்தார். முடித்தபோது திரையில் இருந்த பக்கத்தின் அருகில் கொழுந்தனின் அச்சுப் பிரதியைப் பிடித்தேன். அரித்த இடம் கிட்டத்தட்ட அதே இடம், அதே வளைவு. ஒரே கை, ஒரே பழக்கம்.

கொழுந்தன் குனிந்து பார்த்தார்.

“சரி. ஸ்கேன் எடுக்கும்போதே மை இருந்திருக்கு. ஒத்துக்கிடுதேன்” என்றார். கடைக்காரம்மா மூச்சு விட்டார். “ஆனா மை இருந்துச்சுன்னா அது எங்கம்மா மைன்னு எப்படி? ரேகைனு சொல்லுதீக, ஒரு கோடாவது இருக்கா இதுல? மைய யாரு வேணும்னாலும் அப்பலாம்.”

இது என் வாதத்தில் இருந்த ஓட்டை. எனக்குத் தெரிந்தே இருந்தது. அவர் கவனிக்க மாட்டார் என்று நினைத்திருந்தேன். விரல் ரேகை நிபுணருக்கு அனுப்பக்கூட அதில் ஒன்றும் இல்லை. கடைக்காரம்மா ஏதோ ஒரு விசையைத் தட்டினார். அழித்தது எல்லாம் ஒரே நொடியில் திரையில் திரும்பி வந்தது. ஊதாத் திட்டு மறுபடி அங்கே உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் மதினி பேசினார்.

“ஒங்கம்மாவுக்குக் கோடு எங்க தம்பி இருந்துச்சு?”

கொழுந்தன் திரும்பினார்.

“பருத்தி எடுத்து எடுத்து, அதுக்குப் பொறவு தறிக்கூடத்துல நூல் முடிஞ்சு முடிஞ்சு, வெரலு வழுவழுன்னு போயிருச்சு. ரேசன் கடை மெசின்ல எத்தன தடவ வச்சு எடுத்தாக தெரியுமா? வரல வரலன்னு திருப்பி அனுப்புவான். கடைசியில கண்ணக் காட்டித்தான் அரிசி வாங்குனோம். நீங்க லீவுக்கு வருவீக, அவிய கறிக்கொழம்பு ஊத்துவாக, தின்னுட்டுப் போவீக. வெரல எங்க பாத்தீக?”

எனக்கு அந்த இடத்தில் இருப்பதே முறையில்லை என்று தோன்றியது. கொழுந்தன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“பேங்க்லயும் விழலல்ல” என்றார். “முதியோர் பென்சன் எடுக்க முடியலன்னு அம்மா போன் போட்டாக. மெசின் எம்வெரல ஒத்துக்கிட மாட்டேங்குதுடான்னு.”

“ஆமா.”

“எலுமிச்சம்பழத்தத் தேச்சுக் கழுவிட்டு வைங்கன்னு நாந்தான் சொன்னேன்.”

“சொன்னீக. தேச்சோம். எரியுது எரியுதுன்னு ரெண்டு நாளு ஒங்களத்தான் வஞ்சாக. மிலிட்டரிக்காரன் புத்தியப் பாரு, வெரலுக்கு ஊறுகா போடச் சொல்லுதான்னு.”

அவர் சிரித்தார். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. கடைக்காரம்மா அவசரமாக எழுந்து, சரியாக இருந்த பிரிண்டரைத் திறந்து பார்த்தார். நான் அவருக்கு உதவினேன்.

பிறகு கொழுந்தன், “அந்தப் படத்தப் பெருசாக்குங்கம்மா” என்றார். திரை நிறைய ஊதாத் திட்டு. ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் வெளிறல். கோடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“சம்மதம்னு என்ன எழுதணும் சார்? கேக்கக் கூடாதுன்னு சொன்னேன். நீங்க கேக்கல.”

எழுதிக் கொடுத்தேன். ஆட்சேபணையை மீளப் பெறுவது, பட்டா மாற்றத்துக்கு இசைவு தெரிவிப்பது இரண்டையும் தனித்தனியாகக் கொடுப்பதே சரியான முறை. ஒன்றில் சேர்த்தால் பின்னால் யாராவது கேள்வி கேட்பார்கள். அவர் இரண்டையும் நிதானமாகப் படித்துக் கையெழுத்துப் போட்டார்.

மிச்சம் இருந்தது கடைக்காரம்மாவின் பாடு. ஏற்றிய கோப்புக்கும் அசலுக்கும் வித்தியாசம் ஏன் என்று அலுவலகக் கோப்பில் ஒரு காரணம் இருந்தாக வேண்டும். நான் அவருக்கு ஒரு விளக்கக் கடிதம் தயார் செய்தேன். ‘கவனக்குறைவாலும் அறியாமையாலும் நேர்ந்த பிழை’ என்று எழுதியிருந்தேன். அந்த வாக்கியம் பல ஊழியர்களை நான் பார்க்கக் காப்பாற்றியிருக்கிறது. அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“கவனக்குறைவு இல்ல சார். கவனமாத்தான் தொடச்சேன். அப்படியே எழுதுங்க. தப்பத் தப்புன்னு எழுதலாம், எனக்கு வேல தெரியாதுன்னு எழுதக் கூடாது.”

“மனு ஏத்துற அனுமதிய ரத்து பண்ணிட்டா?”

“பண்ணுனா பண்ணட்டும். ஜெராக்ஸ் போட்டுப் பொழச்சுக்கிடுதேன்.”

அவர் சொன்னபடியே எழுதினேன்: அழுக்கு என்று கருதி, தெரிந்தே, கவனமாக அழித்தேன். இரண்டாவது விசாரணையில் அதிகாரி அந்த வரியை இரு முறை படித்தார். இனி ஏற்றும் ஆவணம் எதிலும் எதையும் நீக்கக் கூடாது என்று எச்சரித்து அனுப்பினார். அனுமதிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இப்போது அவர் கடைக்குப் போவது தொல்லை. ஒவ்வொரு புள்ளியையும் திரையில் காட்டி, “இது அழுக்கா, வேணுமா?” என்று கேட்கிறார். அப்படி ஒரு கறிக்குழம்புக் கறையை அவர் சுட்டிக்காட்டியதில் ஒரு வீட்டில் புருஷன் பெண்டாட்டிக்குச் சண்டையே வந்துவிட்டது என்று கேள்வி.

விசாரணையில் கொழுந்தன் சொன்னது ஒரே சொல். ஆட்சேபணை உண்டா என்று அதிகாரி கேட்டார். “இல்லை.” அதிகாரி மதினியிடம் அசலைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, உத்தரவு தபாலில் வரும், இணையத்திலும் பார்க்கலாம் என்றார்.

மதினி, கொழுந்தன், நான் மூவரும் பேருந்து நிலையத்துக்கு நடந்தோம். கொழுந்தனுக்கு மதுரை வழியாகக் கோயம்புத்தூர். எதிரே இருந்த கடையில் இரண்டு பொட்டலம் பால்கோவா வாங்கி, ஒன்றை மதினியிடம் நீட்டினார். மதினி வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். மதுரை பஸ் எஞ்சினைப் போட்டுவிட்டு, ஆள் சேரும்வரை உறுமிக்கொண்டு நின்றது. கொழுந்தன் ஏறாமல் படியருகில் நின்றார்.

“மதினி.”

“சொல்லுங்க தம்பி.”

“அம்மா தெவசத்த அங்க வீட்லயே கும்பிடலாமா? நான் வரலாம்ல?”

மதினி பையின் வாயை இழுத்து மூடினார்.

“பட்டா எம்பேருக்கு வந்த பொறவு கேளுங்க. அப்பத்தான் வேண்டாம்னு சொல்ல எனக்கு அதிகாரம் உண்டு.”

கொழுந்தன் தலையை ஆட்டிக்கொண்டே ஏறி ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தார். பஸ் கிளம்பும்போது மதினி ஜன்னலுக்குக் கீழே போய், சத்தத்துக்கு மேல் சொன்னார்: “வாரப்ப ஒரு நாளு முன்னாடியே வாங்க. கல்லு மண்ணு தூக்க ஆளு வேணும்.”